ஈவன்ட் 7, 129, 153: டிஸ்க் பழுதா, கேபிள் பழுதா?

கேள்வி: விண்டோஸ் 10 டெஸ்க்டாப், 1 டிபி ஹார்டு டிஸ்க். திடீரென்று உறைந்து நின்று, சற்றுப் பொறுத்துத் தானே ஓடுகிறது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 129, 153 என்ற எண்கள் நிறைய. 7 இரண்டு முறை. கடையில் டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: பழுது எதுவானாலும் முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

129 என்பது, டிஸ்க் உரிய நேரத்தில் பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது என்று பொருள். அந்தக் காத்திருப்புதான் உங்களுக்கு உறைதலாகத் தெரிகிறது. 153, படிக்கவோ எழுதவோ செய்த ஒரு முயற்சி தோற்று மறுபடி முயன்றதைப் பதிவுசெய்வது. இரண்டுக்கும் டிஸ்க்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தளர்ந்த சாட்டா கேபிள் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது), சரியாகப் பொருந்தாத பவர் கனெக்டர், நோஞ்சான் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எல்லாமே இதைச் செய்யும். 153 செய்தியில் பிளாக் எண், அதாவது டிஸ்க்கில் எந்த இடம் என்பது, இருக்கும். அதே எண்ணோ பக்கத்து எண்களோ திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கின் பரப்பைச் சந்தேகியுங்கள். எண்கள் சிதறிக் கிடந்தால் கேபிளைப் பாருங்கள்.

7 வேறு ரகம். ஒரு செக்டாரை (தரவு எழுதப்படும் சிறு துண்டு) படிக்க முடியவில்லை என்று டிஸ்க்கே கைவிரிப்பது அது. செய்தியில் 'ஹார்டுடிஸ்க்0' என்று வரும் எண்ணை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒப்பிட்டு, எந்த டிஸ்க் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை ஓட்டுங்கள். மேலே காட்டும் நிறத்தோடு நிற்காமல் 05, சி5, சி7 வரிசைகளின் ரா மதிப்பை (டிஸ்க் எண்ணிய நேரடிக் கணக்கு) பாருங்கள். அவை பதினாறடிமான எண்கள்; 10 என்றிருந்தால் 16. (சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிசைகள் பிரம்மாண்டமாகத் தெரியும். அது இயல்பு, பதற வேண்டாம்.) சி7 கேபிள் வழியில் சிதைந்த தரவின் கணக்கு. அது ஒருபோதும் குறையாது. எனவே எண்ணைக் குறித்துக்கொண்டு கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகி ஒரு வாரம் கவனியுங்கள். அதன்பின் ஏறவில்லை, 129-உம் வரவில்லை என்றால் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை.

சி5 படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்கள். 05 பழுதாகி, ஏற்கெனவே வேறு செக்டார்களால் மாற்றிவைக்கப்பட்டவை. 05 சிறிய எண்ணாக மாதக்கணக்கில் அப்படியே நின்றால் ஓட்டலாம். சி5 பூஜ்யமில்லை, கூடவே ஈவன்ட் 7-உம் வருகிறது என்றால் கடைக்காரர் சொல்வது சரி, டிஸ்க்கை மாற்றுங்கள். முழு ஃபார்மேட் செய்தால் சி5 பூஜ்யமாகலாம். ஆனால் அந்த டிஸ்க்கில் தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற படங்களைத்தான் வைப்பேன்.

பேக்கப் முடியுமுன் 'செக் டிஸ்க் ஸ்லாஷ் ஆர்' (chkdsk /r) என்ற விண்டோஸ் சோதனைக் கட்டளையை ஓட்டாதீர்கள். அது பரப்பு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். டிக் டிக் என்று சத்தம் வந்தால் பேக்கப்புக்குக்கூட முயலாமல் பவரை நிறுத்துங்கள். படிக்கும் முனையான ஹெட், தரவு இருக்கும் தட்டான பிளாட்டரைக் கீறிக்கொண்டிருக்கக்கூடும்; ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்பு நிபுணருக்கு மிஞ்சுவது குறையும்.