மகளுக்குப் பார்வைக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பள்ளியில் செய்யும் கண் பரிசோதனையே போதுமா?

உங்கள் மகள் இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், கண் மங்குகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, பிறகு எதற்கு மருத்துவர் என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக 26 ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளை சொல்லவில்லை என்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். விவரம் தெரிந்த நாள் முதல் மங்கலாகவே பார்க்கும் குழந்தை, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால், மற்றக் கண் அதையும் மறைத்துவிடும்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரின் மகனை ஒன்றாம் வகுப்பில் நானே சோதித்தேன். அட்டைக்கும் பிள்ளைக்கும் நடுவே 6 மீட்டர் வேண்டும் என்பதால் வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டு, நான்கு திசையிலும் திரும்பி நிற்கும் ஆங்கில 'இ' எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொன்னேன். இரண்டு கண்ணுக்கும் கடைசி வரி வரை காட்டினான். குறையில்லை என்று பதிவேட்டில் எழுதினேன். மறு ஆண்டு வந்த மருத்துவக் குழுவிலிருந்த ஒரு பெண், அவன் கையை விலக்கிவிட்டுத் தன் உள்ளங்கையால் அவனது இடது கண்ணை மூடினார். இரண்டாவது வரியிலேயே விரல் நின்றுவிட்டது. தலையைத் திருப்பி அவர் கையின் ஓரமாக எட்டிப் பார்க்கத் தொடங்கினான். முந்தைய ஆண்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை.

அவனுக்கு வலது கண்ணில் தூரப்பார்வை, அதாவது பக்கத்தில் உள்ளதும், அளவு கூடினால் தூரத்தில் உள்ளதும் மங்கும் குறை, அதிகம். அந்தக் கண் அனுப்பும் மங்கிய படத்தை மூளை தள்ளிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடிவைத்தால் மூளையை மீண்டும் பழக்கலாம். வயது ஏற ஏறப் பலன் குறையும். 6/36 என்றிருந்த, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடிந்த, அவன் பார்வை ஒன்றரை ஆண்டில் 6/12 ஆனது. ஒன்றாம் வகுப்பிலேயே நான் கண்டுபிடித்திருந்தால் இன்னும் ஒரு வரி கிடைத்திருக்குமோ என்னவோ.

பள்ளிப் பரிசோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டமும், 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமும் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பல பிள்ளைகளுக்குக் கண்ணாடியே கிடைத்திருக்காது. ஆனால் அது வடிகட்டுவதற்கான சோதனைதான். குழந்தையின் கண்ணுக்குக் குவிக்கும் வலு மிகுதி. ஓரளவு தூரப்பார்வை இருந்தாலும் முயன்று 6/6 வரியைப் படித்துவிடும், தலைவலி மட்டும் சாயங்காலம் வரும். அந்த வலுவைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் வீடுகள் இன்றும் உண்டு. அதுவும் கண்ணைச் சோம்பேறியாக்கக்கூடியதுதான். கருவிழி நடுவில் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

உங்கள் மகளின் பார்வை அளவை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் பள்ளியில் கேளுங்கள். எப்படியிருந்தாலும் ஒருமுறை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்களுக்குப் பக்கத்திலுள்ள கண் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். மருந்து விட்ட பிறகு, மருந்தைப் பொறுத்து, ஒன்றிரண்டு நாளோ அதற்கு மேலுமோ பக்கத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். ஆகவே தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம்.