வெளிநாட்டில் வீல்சேர் பொருத்தும் தன்னார்வப் பணி: கேள்வி பதில்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள நோயாளிகளுக்கு உதவுகிறவர். வசதி குறைந்த நாடுகளுக்குப் போய் வீல்சேர் பொருத்துவதும், அங்குள்ள தெரபிஸ்ட்களுக்குப் பயிற்சி தருவதும் என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறேன். இப்போதே சேரலாமா?

படிப்பை முடித்து, நோயாளிகளோடு கொஞ்ச காலம் பழகிவிட்டு வாருங்கள். அதுவரை உலக சுகாதார நிறுவனத்தின் வீல்சேர் பயிற்சித் தொகுப்பைப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2012-இல் வந்த அடிப்படை நிலை, தானாக நிமிர்ந்து உட்கார முடிகிறவர்களுக்கானது. உட்காரவே தாங்கல் தேவைப்படுகிறவர்களுக்கு 2013-இல் வந்த இடைநிலை.

எங்கள் குழு பழைய வீல்சேர்களைச் சேகரித்து கப்பலில் அனுப்பப் பார்க்கிறது. உதவியாக இருக்குமா?

நல்ல மனசுதான். ஆனால் வேண்டாம் என்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளைத் தள்ளிப்போகும் நாற்காலி, நாள் முழுக்க உட்காரச் செய்ததல்ல. முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது, எலும்பு அழுத்துவது தெரியாது. மெத்தை இல்லாமல் தொய்ந்த துணியில் உட்கார்ந்தால் புண் வரும், அது எலும்பு வரை போகும், சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிரே போகலாம். நாற்காலி கொடுத்தே ஒருவரைக் கொல்ல முடியும்.

அப்புறம் பாதை. முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்கள் மணலிலும் சேற்றிலும் புதைந்துவிடும். கரடுமுரடான இடத்துக்கு, பெரிய முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி வைத்த மூன்று சக்கர வீல்சேர்தான் சரி. டயரும் டியூபும் அந்த ஊர் சைக்கிள் கடையில் கிடைக்கிற அளவா என்றும் பாருங்கள். கிடைக்காவிட்டால், பஞ்சரான அன்றே வண்டி மூலைக்குப் போய்விடும்.

சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருக்கையின் அகலம் இடுப்பின் அகலம். ஆழத்துக்கு, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து 3 முதல் 6 செ.மீ. கழியுங்கள். கால்பலகை தாழ்ந்திருந்தால் கால் தொங்கி ஆள் முன்னால் வழுக்குவார். உயர்ந்திருந்தால் தொடை தூக்கிக்கொண்டு பாரம் முழுக்கப் பிட்டத்தில் இறங்கும்.

கடைசியில் விரல் சோதனை. அவரிடம் சொல்லிவிட்டு, உங்கள் விரல்நுனியை, பிட்டத்தில் இருக்கும் உட்காரும் எலும்புக்கு அடியில், உள்ளங்கை மேலே பார்க்க நுழையுங்கள். விரல்நுனியை 5 மி.மீ.யாவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பயமில்லை. அசைக்க முடியாமல், ஆனால் சுலபமாக உருவ முடிந்தால் எச்சரிக்கை. நசுங்கி, உருவவே சிரமமானால் மெத்தையை மாற்றாமல் அனுப்பாதீர்கள். இரண்டு பக்கமும் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறவர்கள் நிறைய.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குத் தலை தொங்கினால் நெற்றியில் பட்டை கட்டலாமா?

தலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் இடுப்பு. அது பின்னால் சரிந்திருந்தால் முதுகு கூனி, தலை தானாகத் தொங்கும். இடுப்பை உங்கள் கையால் நேராக்கிப் பிடித்துப் பாருங்கள். பல குழந்தைகள் அப்போதே தலையை நிமிர்த்திவிடும். உங்கள் கை எங்கே, எவ்வளவு பலமாகத் தாங்கியதோ, அங்கேதான் தாங்கல் வேண்டும்.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தெரபிஸ்ட் இல்லை. எனக்கு இடமுண்டா அக்கா?

கட்டாயம் வாங்க தம்பி. அளவுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்ட ஆளில்லாமல்தான் பாதி வேலை நிற்கும்.

இரண்டு வாரத்தில் உள்ளூர் தெரபிஸ்ட்களைத் தயார் செய்துவிட முடியுமா?

தொடக்கம் தரலாம். முதல் ஒன்றிரண்டு பேருக்கு நீங்கள் பொருத்திக் காட்டுங்கள், அதன்பின் அளவெடுக்கும் டேப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வாசலில் வரிசை நீளும்போது நாமே செய்தால் சீக்கிரம் முடியுமே என்று கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர்ந்தால் வண்டியை மாற்றி அமைக்கப்போவது அவர்கள்தான். ஊர் திரும்பியபின் சந்தேகம் கேட்டு போட்டோ அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பதில் சொல்ல நேரம் ஒதுக்க முடியாதென்றால், இந்தப் பயணத்தை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.