வண்டி கேள்வி–பதில்: பின்பக்கம் தாழும் ஸ்கார்பியோவுக்கு எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: ஐயா, போன தை மாதம் 2015 மாடல் மஹிந்திரா ஸ்கார்பியோ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு தடவை ஏழு பேருடன் லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறிக் கட்டப்பனை போய் வருகிறோம். எல்லோரும் ஏறியதும் பின்பக்கம் இறங்கிவிடுகிறது. வேகத்தடையில் 'டொம்' என்று இடிக்கிறது. வளைவுகளில் வண்டி சாய்கிறது. மெதுவாகப் போனாலும் முன்பக்கம் கடகடவென்று சத்தம். நான்கு பக்கமும் இரண்டு அங்குல ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு வைத்து வண்டியை உயர்த்தும் கட்டை) வைத்து, கனத்த ஸ்பிரிங் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், உத்தமபாளையம்

பதில்: ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். கனத்த ஸ்பிரிங்கும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை அல்ல. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் முதலில் சாவது இரும்பு மூட்டுகளுக்குள் இருக்கும் ரப்பர், அதாவது புஷ். அதன் பிறகு ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசியில்தான். செலவையும் அதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் அளவு எடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, டயரில் சரியான காற்று வைத்து, வீல் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாடாவால் அளந்து நான்கு மூலைகளையும் தாளில் எழுதுங்கள். வெறும் வண்டியில் ஒருமுறை, ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு ஒருமுறை. இடது வலது வித்தியாசம் 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கண்ணில் படாமல் அடிச்சுற்றில் ஒடிந்திருக்கிறது. ஏழு பேர் இருக்கும்போது பின் ஆக்சிலுக்கும் (பின் வீல்களை இணைக்கும் தண்டு) அது மேலே போய் இடிக்கும் ரப்பர் ஸ்டாப்பருக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாவிட்டால், உங்கள் 'டொம்' சத்தம் அங்கேதான் பிறக்கிறது. ஸ்டாப்பர் முழுசாக இருக்கிறதா, நொறுங்கி உதிர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

முன்பக்கக் கடகட சத்தத்துக்கு முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைச் (வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் கம்பி) சந்தேகியுங்கள். கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும். அடுத்தது வீலைப் பிடித்திருக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் புஷ்: கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்பினால், நல்ல ரப்பர் திமிறி உடனே திரும்பும், செத்த ரப்பர் உலோகத்திலிருந்து விட்டு விலகி நிற்கும். ஆர்மையும் வீல் பக்கத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டைப் பார்க்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். உங்கள் ஸ்கார்பியோ போல, முன்னால் மேல், கீழ் என இரண்டு ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன் வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்மில் இறங்குகிறது. சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) ஜாக்கி வைத்தால் அந்த இறுக்கத்திலேயே ஜாயிண்ட் நிற்கும், ஆட்டம் வெளியே தெரியாது. ஜாக்கியை லோயர் ஆர்ம் அடியில் வைத்து டயரை ஓர் அங்குலம் தூக்கி, டயருக்குக் கீழே கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட்.

ஷாக் அப்சார்பரின் மேல் தூசியோடு லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து நனைந்திருந்தால் அதன் கதை முடிந்தது. டயரின் பட்டன்கள் (தரையில் படும் ரப்பர் கட்டங்கள்) மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருப்பதும் தேய்ந்த ஷாக்கின் அடையாளம். ஒன்று போனாலும் அந்த ஆக்சிலின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் வண்டியின் வயதுக்கு நான்கையும் மாற்றுவதே சரி. மாட்டுமுன் புது ஷாக்கை நேராக நிறுத்தி நான்கைந்து முறை முழுசாக அமுக்கி இழுத்து, உள்ளே எண்ணெயோடு கலந்த காற்றை வெளியேற்ற வேண்டும். நட்டை முறுக்க அதன் பளபளப்பான கம்பியைப் பிளையரால் கவ்வ விடாதீர்கள். அந்தக் கீறல் சீலை அறுக்கும். மூன்றே மாதத்தில் ஷாக் ஒழுகும்.

இனிச் சொல்வதை மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆர்ம் புஷ் போல்ட்டுகளை, வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு இறுகி நின்றுவிடும். ஆர்ம் அசையும்போது முறுக்கிக்கொள்வது நடுவிலுள்ள ரப்பர். தொங்கிய நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், சும்மா நிற்கும்போதே அந்த ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும். அதன் மேல் குமுளி மலைப்பாதையின் பள்ளங்கள். ஆறே மாதத்தில் கிழிந்துவிடும். பழி பார்ட்ஸ் மீது விழும். கையிறுக்கமாக மாட்டி, நான்கு வீலும் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ரப்பருக்குப் பதில் அதைவிடக் கடினமான பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று அடுத்துத் தோன்றும். ஸ்டெபிலைசர் பாருக்குப் போடுங்கள், வளைவில் சாய்வது குறையும். பின் ஆக்சிலைப் பிடிக்கும் லிங்க்குகளுக்கு ரப்பரே நல்லது. ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடத்தில் திருகிக் கொடுக்கும் தன்மை வேண்டும். ரப்பர் புஷ்ஷில் சாதா கிரீஸ் தடவாதீர்கள், ஊறிக் கெட்டுவிடும்.

இவ்வளவும் முடித்து 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏழு பேரோடு இன்னும் ஸ்டாப்பரில் இடித்தால் அப்போது பின் ஸ்பிரிங்கை மாற்றலாம். முதலில் கம்பெனி அளவிலேயே புதுசு. அதுவும் போதாவிட்டால்தான் சற்றுக் கனத்தது. இந்தச் 'சற்று' முக்கியம்: சுற்றுகளும் சுருளின் விட்டமும் மாறாமல், கம்பி 14 மி.மீ.யிலிருந்து 15 மி.மீ. ஆனாலே கடினம் சுமார் 32 சதவீதம் ஏறும். இருவர் மட்டும் போகும் நாட்களில் வண்டி கட்டைவண்டியாகக் குலுங்கும். பழைய ஷாக்கால் அந்தத் துள்ளலை அடக்கவும் முடியாது.

ஏழு பேர் பயணம் மாதம் இரண்டு முறைதான் என்பதால், பின் ஸ்பிரிங்குக்கு உள்ளே வைக்கும் காற்றுப் பலூன் உங்களுக்குப் பொருந்தும். பாரம் ஏறும் நாளில் காற்று ஏற்றி, மற்ற நாளில் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு இறக்கலாம். இரண்டு பலூனையும் ஒரே குழாயில் இணைக்க விடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு கூடும். தனித்தனி வால்வு வையுங்கள். சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம் மலிவுதான். ஆனால் அந்தச் சுற்றை வேலை செய்ய விடாமல் பூட்டி, பாரத்தை மற்ற சுற்றுகளில் குவித்து ஸ்பிரிங்கை ஒடிக்கும்.

ஸ்பேசர் உயரத்தைக் கூட்டுமே தவிர, பாரம் தாங்கும் பலத்தைத் துளியும் கூட்டாது. வண்டியின் எடை மேலே ஏறுவதால் வளைவில் இன்னும் சாயும். பால் ஜாயிண்டும் கோணம் மாறிச் சீக்கிரம் தேயும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எல்லை தாண்டி ஓடும் வண்டிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மெண்ட், 1,000 கி.மீ.யில் இன்னொருமுறை. கனமான பைகளை மேல் கேரியரில் ஏற்றாமல் உள்ளே தாழ்வாக வையுங்கள்.

கேள்வி: ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போடிமெட்டு வழியாக வரும் பழைய பொலிரோ. பின் ஸ்பிரிங் கட்டில் இன்னொரு இரும்புப் பட்டை (லீஃப்) சேர்க்கலாமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: சேர்க்குமுன் இருக்கும் கட்டைப் பிரித்துப் பாருங்கள். நடு போல்ட் ஓட்டைப் பக்கம் விரிசல் விட்ட பட்டையும், ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளில் தேய்ந்த புஷ்ஷும் இருந்தால் அவற்றை மாற்றினாலே வண்டி நிமிரும். பட்டை சேர்த்தால் அதற்கேற்ற நீளத்தில், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டும் நடு போல்ட்டும் புதுசாக வாங்குங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட யு போல்ட் மறுபடி பிடிப்புக் கொடுக்காது; ஆக்சில் நழுவினால் நடு போல்ட் அறுந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சேசிஸிலுள்ள பிரேக் வால்வுக்குப் போகிறதா என்று பாருங்கள். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதை வைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரித்துக் கொடுப்பது அது. பட்டை சேர்த்து உயர்ந்த வண்டியை வால்வு வெறும் வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கும். மூட்டையோடு இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் உழைத்துச் சூடேறும். பட்டை சேர்த்த அன்றே அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். பட்டை சேர்ந்துவிட்டது என்பதற்காக ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள். ஆக்சிலும் பிரேக்கும் பழையவைதான்.

கேள்வி: ரெனோ டஸ்டர். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் 'டங்' என்கிறது. ஷாக் புதுசு.
— வாசகி, செங்கோட்டை

பதில்: காரணம், ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் பேரிங். ஷாக் மாற்றியபோது பழையதையே திருப்பி மாட்டியிருப்பார்கள். பேரிங் இறுகியதால் ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு துள்ளி விடுபடுகிறது. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, நீங்கள் வீல் மறைப்பின் வெளிப்பக்கமிருந்து ஸ்பிரிங் மீது லேசாக விரல் வையுங்கள்; சத்தம் வரும் நொடியில் அதிர்வு தெரியும். இரண்டு பக்கமும் மவுண்ட், பேரிங் மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் கிளாம்ப் இரண்டு, எதிரெதிராக மாட்டாமல் அந்த நடு நட்டை யாரும் கழற்ற விடாதீர்கள்.