எண்ணெய் வளம் மிக்க அமீரகத்துக்கு அணுமின் நிலையம் எதற்கு?

கேள்வி: "ஐக்கிய அரபு அமீரகத்தில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. பிறகு எதற்கு அணுமின் நிலையமும் சூரிய மின் பூங்காக்களும்? மறைமுகமாக அணுகுண்டு செய்யும் திட்டமா?"

அணுகுண்டு இல்லை. குடிநீரும் குளிரூட்டியும்தான் காரணம். அபுதாபி கடற்கரையில் மின்சாரத்தையும் குடிநீரையும் சேர்த்துத் தயாரிக்கும் ஒரு நிலையத்தில் பல ஆண்டுகள் ஷிப்டு பொறியாளராக வேலை பார்த்தவன் நான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமீரகம் எண்ணெயை எடுப்பது பெரும்பாலும் விற்பதற்கு. அங்கே விளக்கு எரிந்ததும் ஏ.சி. ஓடியதும் இயற்கை எரிவாயுவில். தட்டுப்பாடு வந்தது அந்த எரிவாயுவுக்குத்தான். பூமிக்கடியில் வாயு இல்லாமல் இல்லை. ஆனால் அதில் கணிசமான பகுதி கந்தகம் மிகுந்தது. சுத்தம் செய்து எடுக்கச் செலவு பிடிக்கும். எண்ணெய் வயல்களில் அழுத்தம் குறையாமல் இருக்க, எடுத்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே செலுத்தியாக வேண்டும். நகரங்களோ ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போயின. விளைவு, 2007 முதல் கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து அபுதாபி கடற்கரையில் உள்ள தவீலாவுக்குக் கடலடிக் குழாய் வழியாக வாயு வாங்குகிறார்கள்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கோடி கன அடி. 2017இல் கத்தாருடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டு, கடல்வழியையும் வான்வழியையும் மூடினார்கள். அப்போதும் அந்தக் குழாயை மட்டும் இரு தரப்பும் தொடவில்லை. எரிவாயுவை எந்த அளவுக்கு நம்பியிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2008 ஏப்ரலில் அரசு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2020இல் மின்சாரத்தின் உச்சத் தேவை 40,000 மெகாவாட்டைத் தாண்டும், கையில் உள்ள எரிவாயு 20,000 முதல் 25,000 மெகாவாட்டுக்குத்தான் போதும் என்றது அது. தேவை அந்த வேகத்தில் வளரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் வாயு மட்டும் போதாது என்ற முடிவு சரியானதுதான்.

இனி தண்ணீர். வெளியாட்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது.

பழைய நிலையங்களில், டர்பைனைச் சுற்றிவிட்டு வெளிவரும் நீராவியைக் கொண்டு எவாபரேட்டர்களில் கடல்நீரைச் சூடாக்கி, ஆவியாக்கி, குளிரவைத்து நன்னீர் எடுப்பார்கள். மின்சாரம் ஓடினால் தண்ணீர் கிடைக்கும். கோடையில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும், ஏ.சி. எல்லாம் முழு வேகத்தில் ஓடுவதால் மின் தேவையும் உச்சத்தில் இருக்கும், தண்ணீரும் தாராளமாக வரும். ஜனவரியில்தான் பிரச்சினை. வெளியே இதமான குளிர். இரவு இரண்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் மின் தேவை ஆகஸ்ட் உச்சத்தின் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். டர்பைன்களை நிறுத்தலாம் என்றால் முடியாது. மக்கள் குளிர்காலத்திலும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள். டர்பைனின் சுமையைக் குறைத்தால் எவாபரேட்டருக்கு நீராவி போதாது. அந்தக் குறையைச் சரிக்கட்ட பாய்லரில் தனியாக எரிவாயுவை எரிப்போம். யாருக்கும் வேண்டாத மின்சாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தண்ணீருக்காக மட்டும் வாயு எரியும். ஷிப்டு முடிந்து பதிவேட்டில் அந்த வாயு அளவை எழுதும்போது மனம் கனக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது, கடல்நீரை அழுத்தத்தோடு மெல்லிய சவ்வு வழியாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. முறை. அதற்கு நீராவி வேண்டாம், மின்சாரம் போதும். அது எங்கிருந்து வந்தாலும் சரி. தவீலாவில் நாளொன்றுக்கு 9 லட்சம் கன மீட்டருக்கு மேல் நன்னீர் தரும் மாபெரும் ஆர்.ஓ. ஆலை எழுந்தது. தண்ணீரை டர்பைனிலிருந்து பிரித்துவிட்ட பிறகுதான் அணுமின்சாரத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் அங்கே முழுப் பொருள் வந்தது. என் பார்வையில் அணு உலையைவிட இதுதான் பெரிய மாற்றம். செய்தித்தாள்களில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

பராக்கா அணுமின் நிலையம் அபுதாபியின் மேற்கே, அல் தஃப்ரா பகுதியில், சவூதி எல்லைக்குப் போகும் வழியில் கடலோரமாக இருக்கிறது. பிரெஞ்சு, அமெரிக்க-ஜப்பானியக் குழுக்களோடு போட்டியிட்டு, 2009 டிசம்பரில் தென்கொரிய மின் நிறுவனமான கெப்கோ தலைமையிலான குழு ஒப்பந்தத்தை வென்றது. மதிப்பு ஏறத்தாழ 2,000 கோடி டாலர். 2012இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் அலகு 2017இல் ஓட வேண்டியது, 2020 ஆகஸ்டில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. இயக்குபவர்களைப் பயிற்றுவித்து உரிமம் கொடுப்பதற்கே நாள் பிடித்தது. அந்தத் தாமதத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் மரியாதைதான் வந்தது. நான்காவது அலகு 2024 செப்டம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது. மொத்தம் 5,600 மெகாவாட். நாட்டின் மின் தேவையில் ஏறத்தாழ கால் பங்கு. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஒன்றரை ஆண்டு ஓடும்.

குண்டு விஷயத்துக்கு வருகிறேன். அணுகுண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று யுரேனியத்தைச் செறிவூட்டுவது. மற்றொன்று பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிப்பது. இரண்டையும் நாட்டுக்குள் செய்யக்கூடாது என்று 2009இல் அமீரகம் தானே சட்டம் போட்டது. அமெரிக்காவுடன் செய்த அணு ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் அதை எழுதிக் கொடுத்தது. எரிபொருளை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் கூடுதல் சோதனைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. குண்டு ஆசை உள்ளவர்கள் இப்படித் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

சூரிய மின்சாரம் வேறு கதை. 2020இல் அல் தஃப்ரா 2,000 மெகாவாட் திட்டத்துக்கான ஏலத்தில் ஒரு யூனிட் 1.35 அமெரிக்க சென்ட் என்று விலை வந்தபோது எங்கள் துறையே வாய் பிளந்தது. புதிய எரிவாயு நிலையம் எதுவும் அந்த விலைக்குக் கிட்டே வர முடியாது. பாலைவனம் என்றால் வெயில் மட்டுமல்ல, புழுதியும்தான். சுவைஹானில் உள்ள நூர் அபுதாபி பூங்காவில் 32 லட்சம் பேனல்கள். அவற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கட்டுப்படியாகாது. வரிசையின் மேல் ரோபோக்கள் தூரிகையைச் சுழற்றிக்கொண்டே போய், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் புழுதியைத் தள்ளிவிடுகின்றன. ராத்திரிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கும் இப்போது பதில் தேடுகிறார்கள். 5,200 மெகாவாட் பேனல்களையும் 19,000 மெகாவாட் மணி நேர பேட்டரியையும் இணைத்து, இரவு பகலாக 1,000 மெகாவாட் தரும் திட்டத்தை 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

இதையெல்லாம் சுற்றுச்சூழல் பாசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே நாடுதான் 2027க்குள் நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுக்கும் திறனை எட்டப் பாடுபடுகிறது. தன் வீட்டில் கரிப்புகையைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு எண்ணெய் விற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதற்காக உள்நாட்டில் செய்திருப்பதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். பக்கத்தில் குவைத்தைப் பாருங்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2011இல் அணுத் திட்டத்தைக் கைவிட்டது. சூரிய மின்சாரத்திலும் வேகம் காட்டவில்லை. 2024 ஜூனில், எண்ணெய்க் கடல் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த நாட்டில் சுழற்சி முறையில் மின்வெட்டு அமலானது. அந்த வெயிலில் மின்வெட்டு என்பது உயிர்ப் பிரச்சினை.

பராக்கா குறித்து எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. வளைகுடாக் கடலின் சராசரி ஆழம் 35 மீட்டர்தான். ஹோர்முஸ் நீரிணை வழியாக மட்டுமே வெளிக்கடலோடு நீர் கலக்கிறது. பல நாடுகள் அந்தக் கடலைத்தான் குடிக்கின்றன. கதிர்வீச்சு கசிந்தால் என்ன ஆகும் என்று 2019இல் கத்தார் சர்வதேச அணுசக்தி முகமையிடம் முறையிட்டது. அரசியல் பகை ஒருபுறம் இருக்கட்டும், கேள்வி நியாயமானது. எண்ணெய்க் கசிவு போன்ற ஆபத்துகளையும் மனத்தில் வைத்து, அபுதாபி லிவா பாலைவனத்தில் நிலத்தடியில் 2.6 கோடி கன மீட்டர் நன்னீரைச் சேமித்து வைத்திருக்கிறது. பத்து லட்சம் பேருக்கு 90 நாட்கள் வரும். அது அபுதாபிக்கு. கத்தாரின் தோஹாவுக்கும் பஹ்ரைனின் மனாமாவுக்கும் சேர்த்து ஒரு பொது அவசரகால நீர் ஏற்பாடு வேண்டும் என்பதே நான் அங்கிருந்தவரை என் சகாக்களிடம் வாதாடியது. இன்றும் அதையே சொல்வேன்.