பி.ஆர். ஃபைல் அசையவே இல்லை: வேலையை விடலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: வாலாஜாபேட்டையில் இருக்கிறேன். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், வயது 33. கணவர் ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். மகன் யு.கே.ஜி. படிக்கிறான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மதிப்பெண் முறையில் கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமை) ஐடிஏ, அதாவது விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வந்து, எல்லாப் பேப்பரும் போட்டுப் பத்து மாதம் ஆகிறது. மெடிக்கல், பயோமெட்ரிக்ஸ் முடிந்தன. அதற்குப் பிறகு அசைவே இல்லை. என்னோடு ஹாஸ்டலில் இருந்த தோழிக்கு ஐந்தே மாதத்தில் வந்துவிட்டது. நான் முன்பு மூன்று வருடம் ஓமானில் வேலை பார்த்தேன். அதனால் தாமதமா? கொஞ்சம் செலவு செய்தால் வேகப்படுத்தலாம் என்கிறார் ஏஜென்ட். வேலையை விடுவதா, மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதா, இரண்டாவது குழந்தையை இன்னும் தள்ளிப்போடுவதா என்று எதுவும் புரியவில்லை.

பதில்: முதலில் ஏஜென்ட் விஷயம். வேகப்படுத்த என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஃபைலைக் கூடுதல் பணம் கட்டி முன்னால் நகர்த்த வழியே கிடையாது. கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவே உரிமம் வேண்டும். வழக்கறிஞராக இருக்கலாம், இல்லாவிட்டால் அங்குள்ள குடிவரவு ஆலோசகர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, இன்று ராத்திரியே தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால், சண்டை போடுவதற்கு முன் உங்கள் விண்ணப்ப எண், யூசிஐ எண் (கனடா குடிவரவுத் துறை உங்களுக்குத் தரும் அடையாள எண்), சமர்ப்பித்த படிவங்களின் முழு நகல், கணக்கின் லாகின் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பல ஏஜென்டுகள் தங்கள் ஈமெயிலில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். துறையிலிருந்து கடிதம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, பதிலுக்கான கெடு ஓடிக்கொண்டிருக்கும். பத்து மாதமாக நிஜமாகவே எதுவும் வரவில்லையா, வந்ததை யாரும் உங்களிடம் சொல்லவில்லையா என்பதை உறுதிப்படுத்துவதுதான் முதல் வேலை.

தோழியின் ஐந்து மாதத்தை மறந்துவிடுங்கள். ஆறு மாதம் என்பது கனடா அரசு வைத்திருக்கும் இலக்கு, நூற்றுக்கு 80 விண்ணப்பங்களுக்கானது. மீதி 20-இல் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். போதாததற்கு ஒரு வருடத்தில் இத்தனை பேர்தான் என்று அரசு உச்சவரம்பு போடுகிறது. 2025-க்கு 5 லட்சம் என்று முதலில் வைத்திருந்ததை 3 லட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள். இதெல்லாம் உங்கள் கையில் இல்லை.

ஓமானைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாடுகளில் இருந்தவரின் பின்னணிச் சோதனை ஒரே நாட்டில் இருந்தவருடையதைவிட நீளலாம், அவ்வளவுதான். கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் பிசிசி (போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ்) கேட்பார்கள். நீங்கள் கடைசியாக அங்கே தங்கி முடித்த பிறகு வாங்கியதாக இருந்தால் ஓமான் பிசிசி பழசாகிவிடாது. இப்போது வசிக்கும் நாட்டின் பிசிசிதான் ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, அதுவும் விண்ணப்பம் போட்ட நாளை வைத்துத்தான் கணக்கு. இந்தியப் பிசிசியைப் புதிதாகக் கேட்டால் கலங்க வேண்டாம். 2022 செப்டம்பர் முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். உங்கள் வயதுக்காரர்களின் பிறப்புச் சான்றிதழில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் வேலூர் மாவட்டம். ஆதாரில் ராணிப்பேட்டை மாவட்டம். வீடு என்னவோ அதே தெருவில் அதே வீடுதான்! 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் நம் பாதி வேலூர் மாவட்டமானது, 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஃபைலைப் பார்க்கும் கனடா அதிகாரிக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கண்ணுக்கு நீங்கள் மூன்று ஊர்களில் இருந்தவர், ஆனால் முகவரி வரலாற்றில் ஓர் ஊரைத்தான் காட்டியிருக்கிறீர்கள். இனிஷியலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த மருத்துவமனையின் அனுபவச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து, இப்போதைய சான்றிதழில் கணவர் பெயரின் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. உங்கள் தாமதம் இதனால்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் கடிதம் எழுதிக் கேட்பார்கள், கேட்டுப் பதில் போய்ச் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். விண்ணப்பத்தோடு விளக்கக் கடிதம் வைக்காமல் விட்டிருந்தால், ஒரே பக்கத்தில் எழுதி, மாவட்டப் பிரிவினை அரசு அறிவிப்பின் நகலோடு துறையின் இணையப் படிவமான வெப்ஃபார்மில் ஒரு தடவை அனுப்புங்கள். வாரத்துக்கு ஒரு முறை 'என்ன ஆச்சு' என்று கேட்டு அனுப்புவதால் பிரயோஜனம் கிடையாது.

எது காலாவதி ஆகும், எது ஆகாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு விண்ணப்பித்த நாளில் செல்லுபடியாகி இருந்தால் போதும். காத்திருக்கும்போது வயது ஏறினாலும் மதிப்பெண் குறையாது. கவனிக்க வேண்டியது மெடிக்கல்தான், அது 12 மாதத்துக்கு மட்டுமே செல்லும். 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பிக்கும் முன்பே மெடிக்கல் எடுத்துவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டதால், இந்தக் கடிகாரம் ஃபைல் போகும் முன்னாலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. முடியப் போகிறது என்று நீங்களாகவே போய் மறுபடி எடுக்காதீர்கள். தேவையென்றால் அவர்களே கேட்பார்கள். அப்போதும் அவர்கள் பட்டியலில் உள்ள பேனல் டாக்டரிடம்தான் போக வேண்டும், வேறு எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் செல்லாது. பாஸ்போர்ட் முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தால் உடனே தெரிவியுங்கள்.

அங்கே போய்க் குடியேறும் செலவுக்கு என்று வங்கிக் கணக்கில் காட்டிய செட்டில்மென்ட் பணத்தில் கை வைக்க வேண்டாம். விண்ணப்பிக்கும்போது மட்டுமல்ல, விசா தரும்போதும் அது கணக்கில் இருக்க வேண்டும். கடனாகப் புரட்டிய பணம் எடுபடாது. நகையை அடகு வைத்துக் காட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஃபைல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஜிசிஎம்எஸ் குறிப்புகளை, அதாவது துறையின் கணினியில் உங்கள் ஃபைல் பற்றி அதிகாரிகள் எழுதி வைத்திருப்பதை, கேட்டு வாங்கலாம். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்டால் கட்டணம் 5 கனடா டாலர். அந்த வழியில் கனடாவில் இருப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், அங்குள்ள தெரிந்தவருக்கு ஒப்புதல் படிவம் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஆனால் 2022 ஜூலை முதல் அங்குள்ள தனியுரிமைச் சட்டத்தின் கீழ், இங்கிருந்தே நீங்களே கட்டணமில்லாமல் கேட்கலாம். தகுதி, மெடிக்கல், பாதுகாப்புச் சோதனை ஒவ்வொன்றும் முடிந்ததா, நடக்கிறதா, தொடங்கவே இல்லையா என்று அதில் இருக்கும். மாதா மாதம் வாங்க வேண்டாம். சீக்கிரம் முடிவெடுக்கத் துறைக்கு உத்தரவிடும்படி கனடாவின் ஃபெடரல் கோர்ட்டில் கேட்கும் மான்டமஸ் வழக்கு என்று ஒரு வழி உண்டு. வக்கீல் செலவு பெரியது, பத்து மாதத் தாமதத்துக்கு அது தேவையில்லை.

இரண்டாவது குழந்தையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. கனடாக்காரன் தேதி சொல்லட்டும் என்று குடும்பத்தை நிறுத்திவைத்தால் எத்தனை வருடம் நிறுத்துவது? ஆனால் குழந்தை பிறந்ததும் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், மெடிக்கல், கூடுதல் கட்டணம் எல்லாம் வரும். குடும்பத்தில் ஓர் ஆள் கூடுவதால் காட்ட வேண்டிய பணமும் கூடும், சில மாதங்கள் கூடத் தாமதமாகலாம். அப்படித் தாமதமாகும் என்று பயந்து மறைத்துவிட்டு, போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அறிவிக்காமல் விட்ட பிள்ளையைப் பின்னால் ஸ்பான்சர் செய்து அழைப்பதே முடியாமல் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போது மறு மெடிக்கல் கேட்டால், எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு.

மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நடுவில் கிளம்ப நேர்ந்தால் டிசி வாங்கிக்கொண்டு போகலாம். கட்டிய ஃபீஸில் கொஞ்சம் போனாலும் போகட்டும். கல்யாண வீட்டில் 'விசா வந்துச்சா?' என்று கேட்பவர்களுக்கு, 'வந்ததும் முதல் ஸ்வீட் உங்களுக்குத்தான்' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். பி.ஆர். கிடைத்தாலும் அங்கே நர்ஸாக வேலை பார்க்கத் தனியாக உரிமம் வேண்டும். போகப்போகும் மாகாணத்தின் நர்சிங் கவுன்சில் என்னென்ன கேட்கிறது என்று பார்த்து, சான்றிதழ் சரிபார்ப்பு, என்க்ளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) தயாரிப்பு இரண்டையும் இங்கிருந்தே தொடங்கலாம். பணியில் இடைவெளி இல்லாமல் இருப்பது அதற்கும் நல்லது. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்து, விசாவும் சிஓபிஆரும் (பி.ஆர். உறுதிப்படுத்தும் ஆவணம்) கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். சிஓபிஆரில் ஒரு கடைசித் தேதி இருக்கும், பெரும்பாலும் மெடிக்கலோ பாஸ்போர்ட்டோ எது முதலில் முடிகிறதோ அதை ஒட்டி. அதை நீட்டித்துத் தர மாட்டார்கள். அதனால் ரிலீவிங் ஆர்டர் தர உங்கள் மருத்துவமனை எத்தனை நாள் எடுக்கும், பாண்ட் ஏதாவது மீதி இருக்கிறதா என்று ஹெச்.ஆரில் இப்போதே நைசாக விசாரித்து வையுங்கள்.