வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் அடிக்கணுமா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் இந்த முறை பெரும்பாலும் ஏசி பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கீழக்கரையில் கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. வாப்பா படுக்கும் அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இருக்கிறது. வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வெயில் ஆரம்பித்தாலே குளிர் குறைந்துவிடும். மெக்கானிக் வந்து "கேஸ் இறங்கிடுச்சு" என்று அடித்துவிட்டுப் போவார். கடல்காற்றுக்கு கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகுமாம். கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகிறது. புதுசு வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏசி கேஸ் என்பது தீருகிற பொருளே இல்லை. அடுப்பு சிலிண்டரில் இருப்பது எரிந்து தீரும். ஏசிக்குள் இருப்பதோ மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து அறையின் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். பத்து வருஷம் ஓடினாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் அடிப்பதால் மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. கடல்காற்று கேஸைக் குடிக்காது, குழாயை அரிக்கும். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். செம்புக் குழாய்கள் வளைந்து வளைந்து போகும், அவற்றை இறுகப் பிடித்தபடி மெல்லிய அலுமினிய இதழ்கள் வரிசையாக நிற்கும். இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் முதலில் அரிபடுவது அலுமினியம். நகத்தால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் அந்த இடத்தில் சூடு வெளியேறாது. கம்ப்ரசர் அதிக நேரம், அதிக அழுத்தத்தில் ஓடும். உங்கள் பில் ஏறுவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

குளிர் குறைந்தாலே கேஸ்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. உள்ளே பில்டரில் தூசி அடைத்தாலும், வெளியே காயிலில், அதாவது அந்தக் குழாயும் இதழ்களும் சேர்ந்த பகுதியில், உப்பும் மணலும் அப்பிக்கொண்டாலும் இதே மாதிரிதான் குளிர் குறையும். முதலில் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் குளிரவில்லை என்றால் இணைப்பு நட்டுகளையும் குழாய் வளைவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிகிற இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், ஏனென்றால் கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வரும். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அப்படியும் பிடிபடாவிட்டால் நைட்ரஜனை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, தராசில் நிறுத்து கேஸ் போட வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். வேக்குவம் பம்பும் தராசும் இல்லாமல் வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். இப்போதைய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது யாரையும் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள்.

இனி உப்பைக் கழுவும் விஷயம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாதம் ஒரு தடவையாவது அவுட்டோர் காயிலை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். 'நல்ல' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை மோட்டார் போட்டுப் பீய்ச்சினால் காற்று கொண்டுவந்த உப்போடு நீங்களும் ஒரு பங்கு சேர்க்கிறீர்கள். குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்ட எந்த வீட்டில் மனசு வரும்? வழி ஏசியிடமே இருக்கிறது. இண்டோர் யூனிட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் உப்பு கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு இரவில் வாளி நிறையும். அதைச் சேர்த்து வையுங்கள், மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குவளையால் மேலிருந்து கீழாக இதழ்கள் வழியே ஊற்றினால் போதும். வேகமாக அடிக்கக் கூடாது, இதழ் மடங்கிவிடும். ஒயர்கள் வரும் பக்கம் தண்ணீர் படக் கூடாது.

கேள்வி: தொண்டியில் புது வீடு கட்டியிருக்கிறோம். மச்சான் சவூதியிலிருந்து பணம் அனுப்பி "ஃபைவ் ஸ்டாரே வாங்கு" என்கிறார். கடைக்காரரும் பில் பாதியாகிவிடும் என்கிறார். த்ரீ ஸ்டாருக்கும் அதற்கும் ஒன்பதாயிரம் வித்தியாசம்.

பதில்: பாதி ஆகாது. ஸ்டாரை எண்ணாதீர்கள், ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். ஐஎஸ்இஇஆர் என்று ஒரு எண் இருக்கும், இழுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்பதைச் சொல்வது, அது கூடக்கூட நல்லது. அதோடு ஒரு வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும். அது 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. இரவு எட்டு மணி நேரம் வீதம் இருநூறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1000 யூனிட், இன்னொன்றில் 780 என்று போட்டிருந்தால் மிச்சம் 220 யூனிட். உங்கள் பில்லில் கடைசிப் படியின் விலை யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1540 ரூபாய். ஒன்பதாயிரம் திரும்பி வர ஆறு வருஷம்.

கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். கடலோரத்தில் கேள்வி வேறு: அந்த அவுட்டோர் ஆறு வருஷம் நல்லபடியாக இருக்குமா? அதனால் என் கணக்கில் ஸ்டார் இரண்டாவது, காயில்தான் முதலாவது. அவுட்டோரில் இருக்கும் காயிலின் (கண்டன்சர்) குழாய் செம்பா என்று கேளுங்கள், அலுமினியக் குழாய் போட்டதும் கடையில் இருக்கும். இதழ்களுக்கு நீல நிறத்திலோ பொன்னிறத்திலோ பூச்சு இருக்க வேண்டும். பூச்சு அரிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் பூச்சு உண்டா என்று கேளுங்கள், இன்வெர்ட்டர் ஏசியில் செலவு வைப்பது அந்தப் போர்டுதான். இதெல்லாம் சரியாக இருந்து, தினமும் இரவு முழுக்க ஓடப்போகிறது என்றால் ஃபைவ் ஸ்டாருக்கு மச்சான் சொல்வதே சரி. விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு த்ரீ ஸ்டார் தாராளம்.

ஸ்டார் அளவுகோலை அரசு அவ்வப்போது இறுக்குகிறது. பழைய சரக்கின் ஐந்து ஸ்டாரும் புதுச் சரக்கின் ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. ஸ்டிக்கரில் எந்த ஆண்டுக்கான தரம் என்று பாருங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன் அச்சான எம்ஆர்பியைக் காட்டி "இவ்வளவு தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் வரி குறைந்ததைத் தனியாகக் கழித்துப் பாருங்கள்.

அவுட்டோரை மாட்டும் இடத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள், ஆட்கள் குழாய் நீளம் மிச்சமாகும் இடத்தைத்தான் தேடுவார்கள். கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். வீட்டின் மறுபக்கம், காற்றோட்டமாக, முடிந்தால் மேலே ஒரு சன்ஷேடு. தடுப்புக்காகச் சந்துக்குள் திணித்தால், அது தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும். பாம்பன், மண்டபம் மாதிரி இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் கச்சான் அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்தால் போதும். ஸ்டாண்டு விஷயத்தில் இருநூறு முந்நூறு பார்க்காதீர்கள். வெறும் இரும்பு இரண்டு மழைக்குள் துருப்பிடிக்கும். கால்வனைஸ் செய்த ஸ்டாண்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். மாடியில் தொங்குவது முப்பது கிலோ சங்கதி, கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

கேள்வி: பரமக்குடியில் அக்கா வீட்டில் ஏர் கூலர் ஜில்லென்று வேலை செய்கிறது. ஏசிக்குப் பதில் உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கும். பரமக்குடியின் காய்ந்த காற்றில் தண்ணீர் ஆவியாகும். உங்கள் பக்கம் காற்றே நனைந்து கிடக்கிறது, இன்னும் ஈரத்தைச் சேர்த்தால் பாய்கூடப் பிசுபிசுக்கும். அந்தப் பணத்தில் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு வாங்குங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 சொச்சம்தான் இழுக்கும்.

கேள்வி: வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டு வந்தவுடன் ஏசியை 16-ல் வைத்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் போர்வை கேட்கிறார். சொன்னால் சண்டை. நீங்களாவது சொல்லுங்கள். (மண்டபம்)

பதில்: அண்ணனுக்கு: 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிராது. அறை 24-க்கு வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதன் பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவே. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரையுள்ள புது ஏசிகள் போட்டதும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் இதற்காகத்தான். 26-ல் வைத்து மேலே விசிறியைச் சின்னதாகச் சுழல விடுங்கள். நம் ஊரில் ஆளை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கம். ஈரம் இறங்கினால் 26-ம் சுகமாகத்தான் இருக்கும். மழைக்கால இரவுகளில் டிரை மோடு போதும். வென்டிலேட்டரையும் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் அடையுங்கள். அது வழியாக வருகிற ஈரத்தைத் தண்ணீராக மாற்றுவதற்கே ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு போய்விடுகிறது.

அண்ணிக்கு: பில் கணக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வருவது, மேலே போகப்போக யூனிட் விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் ஏறுவது அந்தக் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிகளில் கிடைத்த மானியத்திலும் ஒரு பகுதி போய்விடும். கணக்கெடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, நடுவில் ஒரு நாள் மீட்டரைப் பாருங்கள். 490-ல் நிற்பதற்கும் 510-ல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை பில்லில் காட்டினால் சண்டை தானாக நிற்கும்.

கேள்வி: ஏர்வாடியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே நேரே மொட்டை மாடி. இரவு ஒரு மணி வரை ஏசி மூச்சு விடாமல் ஓடுகிறது. இரண்டு டன் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில்தான் உள்ளே இறக்கும். அறைக்குள் கையைத் தூக்கித் தளத்துக்குக் கீழே நீட்டிப் பாருங்கள், அனல் தெரியும். இரண்டு டன் போட்டாலும் அந்த அனலோடுதான் மல்லுக்கட்டும், பில் உங்களுடையது.

தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் பெவிகால் கலந்து இரண்டு கோட். பெரிய மழை வந்தால் கரையும், வருஷா வருஷம் மாசி பங்குனியில் அடிக்க வேண்டியிருக்கும். கூல் ரூஃப் பெயிண்ட் கூடுதல் நாள் உழைக்கும், விலையும் கூடுதல். வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பே போதும். வெள்ளைத் தட்டோடு பதிப்பது வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை, கேட்டுப் பாருங்கள். தென்னங்கீற்று, பனை ஓலை வேய்ந்தாலும் நன்றாகக் குளிரும், ஆனால் கச்சான் தூக்கிக்கொண்டு போகும், ஒயர் பக்கத்தில் இருந்தால் தீப் பயமும் உண்டு. பச்சை வலையைத் தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு இழுத்துக் கட்டுவது பத்திரம். வெள்ளை அடித்த பிறகும், ஏசி போடும் முன் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து விசிறியைச் சுழல விட்டு, அடைந்து கிடக்கும் சூட்டை வெளியே தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் நானும் மனைவியும் நாலு அறை வைத்து யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஒரு ஏசியின் கம்ப்ரசர் இரண்டே வருஷத்தில் போனது. பத்து வருஷ வாரண்டி. "கடலோரம், அதுவும் வியாபார உபயோகம், செல்லாது" என்கிறார்கள்.

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். வாரண்டி அட்டையில் அரிப்புக்கோ வணிக உபயோகத்துக்கோ விலக்கு அச்சிட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். சில அட்டைகளில் அப்படி உண்டு. அச்சில் இல்லாததை வாய்வார்த்தையாகச் சொன்னால் அது செல்லாது. அரிப்பு காயிலில் வரும், கம்ப்ரசர் உள்ளே ஏன் போனது என்று சர்வீஸ் அறிக்கை எழுத்தில் கேளுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராகக் கருதாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு தருகிறது. ஆள் வைக்காமல் நீங்கள் இருவரே நடத்துவதை அந்த விலக்குக்குள் வாதாடலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில், வாரண்டி அட்டை, மாட்டிய தேதி எல்லாவற்றையும் இப்போதே நகலெடுங்கள். கடைக்காரர் தந்த வெப்ப அச்சு பில் ஒரு கோடையில் வெளுத்துவிடும், அதை முதலில் எடுங்கள். பழுதான கம்ப்ரசரை அவர்கள் கழற்றிக்கொண்டு போகும் முன் அதன் சீரியல் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.