பாட்டியின் பொட்டு ஏன் கறுப்பு?

கேள்வி: எங்கள் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. பாட்டியின் குங்குமப் பொட்டு மைப்பொட்டுபோல் கன்னங்கரேலென்று தெரியும். பார்த்தாலே மனசை என்னவோ செய்யும். அதே மாதிரி இருக்கட்டும் என்று மகளின் கல்யாணப் படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். சாம்பல் பூசியதுபோல் சப்பென்று இருக்கிறது. ஏன்? (வாசகி, மாயவரம்)

பதில்: மகளுக்கு அரக்குப் புடவை, பச்சைக் கரையா? கலரில் கண்ணைப் பறிக்கும் ஜோடி அது. நிறத்தை எடுத்துவிட்டால் உடலும் கரையும் ஏறக்குறைய ஒரே சாம்பல். போதாததற்கு மண்டபத்தில் நாலு பக்கமும் வீடியோ லைட். முகத்தில் நிழலுக்கு இடமே இல்லை.

நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் முதலாளி ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைப்பார். ஒரு கன்னம் இருட்டில் கிடக்கும். “மூக்கு எழும்பணும்டா” என்பார். அப்போது ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிம் வரும். எங்கள் கேமராவில் ‘120’ என்ற அளவு பிலிம் ரோல் ஒன்றுக்கு 12 படம்தான். அதனால் விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவார்.

டார்க் ரூம் குளியலறை அளவுதான். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் டெவலப்பர் தட்டில் பேப்பரை ஆட்டினால் முதலில் தலைமுடி வரும், அப்புறம் கண், கடைசியில்தான் வேட்டி மடிப்பு. (படம் அழியாமல் நிறுத்தும் ஹைப்போ கரைசலின் வாசனை விரலைவிட்டுப் போகாது. மத்தியானச் சாப்பாடும் அதே வாசனை.) சிவப்பு பல்பு எதற்கென்றால், அந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. பழைய ஆர்த்தோ பிலிமும் அப்படித்தான், சிவப்பெல்லாம் அதில் கறுப்பாகவே விழும். பாட்டியை அதில் எடுத்திருந்தால் குங்குமம் கறுத்ததில் ஆச்சரியமே இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கல்யாணப் படத்தை விடுங்கள். ஒரு காலை நேரத்தில் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். போனை முதலிலேயே கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டால் நிழல் விழும் இடம் எடுக்கும்போதே தெரியும். பாதி முகம் இருட்டாகிவிட்டதே என்று பிரைட்னஸைக் கூட்டாதீர்கள், எல்லாரும் செய்யும் தப்பு அது. பிரிண்ட் போடும்போது மேட் பேப்பர் கேளுங்கள். பளபளப்பான பேப்பர் என்றால் அந்த இருட்டில் மகளுக்குப் பதிலாக உங்கள் முகம்தான் தெரியும்.